புகையின் நிறமும் அது வரும் நேரமும்

ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம் பழைய கார் ஒன்றை வாங்குகிறது என்றால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தேவை இருக்கும். நெய்து முடித்த புடவைகளைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வேலூருக்கு ஓட வேண்டும். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய்வர வேண்டும். இதற்காகப் பதினைந்து இருபது ஆண்டு ஓடிய மாருதி 800, ஆம்னி, டாடா இண்டிகா என்று ஏதோ ஒன்று கைமாறி வீட்டு வாசலுக்கு வருகிறது. சில மாதங்களில் சைலன்சர் புகை கக்குகிறது. நிறுத்தத்தில் நிற்கும்போது வண்டி உதறுகிறது. பட்டறையில் கேட்கும் முதல் பேச்சே "இன்ஜின் போச்சு, இறக்கணும்" என்பதாக இருந்தால், அந்த ஒரு வாக்கியத்தின் விலை பல மாதத் தறி உழைப்பு. அந்த வாக்கியத்தை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். புகையின் நிறம், உள்ளே எது எரிகிறது என்பதைத்தான் சொல்லும். எங்கே பழுது, எவ்வளவு பெரிய பழுது என்பதை அந்தப் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பது சொல்லும். நேரத்தைக் கவனிக்கக் காசு வேண்டாம், பொறுமை போதும்.

நல்ல நிலையில் உள்ள இன்ஜின் என்ன விடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அந்தக் கலவையைப் பிஸ்டன் சுமார் ஒன்பதில் ஒரு பங்காக அழுத்த, பிளக் பொறி விட்டுப் பற்றவைக்கிறது. டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. இண்டிகா போன்ற பழைய டீசல் கார்களில் காற்று இருபது மடங்குக்கும் மேல் அழுத்தப்படும். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். எரிந்து வெளியே வருபவற்றில் பெரும்பகுதி நைட்ரஜன், கரியமில வாயு, நீராவி. மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியும் புகை என்பது, இன்ஜினுக்குள் இருக்கும் மூன்று திரவங்களில் ஒன்று தடம் மாறி வருகிறது என்பதற்கான சாட்சி. கூலண்ட் வந்தால் வெள்ளை, ஆயில் வந்தால் நீலம், எரிபொருள் மிஞ்சினால் கறுப்பு. கார் வைத்திருக்கும் பலருக்கும் இவ்வளவு தெரியும். சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மூன்று நிறங்களில் ஒவ்வொன்றுக்கும் சில நூறு ரூபாயில் தீரும் காரணமும் உண்டு, இன்ஜினையே பிரிக்கவேண்டிய காரணமும் உண்டு. நிறம் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

வெள்ளைப் புகையை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. மார்கழிக் காலையில் சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அந்த நீராவி வெண்புகையாகத் தெரியும். குழாய் முனையில் தண்ணீர்கூடச் சொட்டும். இன்ஜின் சூடேறிய சில நிமிடங்களில் அது மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சூடேறிய பிறகும் அடர்த்தியாகத் தொடர்ந்து வந்து, அதில் ஒரு இனிப்பு வாடையும் இருந்தால்தான் கூலண்ட் எரிகிறது என்று பொருள். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் அடியில் இருக்கும் கேஸ்கட் விட்டுப்போயிருக்கலாம், ஹெட்டே வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம். அப்போதும் மற்றச் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். ரேடியேட்டரில் தண்ணீர் வெளியே ஒழுகாமலே குறைகிறதா? ஆயில் மூடியின் அடியில் பால் கலந்ததுபோல வெளுத்த பசை படிந்திருக்கிறதா? இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் உள்ளே குமிழிகள் விடாமல் வருகின்றனவா? சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். பழைய டீசல் காரில் காலை வெள்ளைப் புகைக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஹீட்டர் பிளக் ஒன்று வேலை செய்யாவிட்டால் அந்தச் சிலிண்டரில் டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியேறும். கண் எரியும், பச்சை டீசல் வாடை அடிக்கும், சூடானதும் நின்றுவிடும். ஹீட்டர் பிளக் மாற்றுவதும் ஹெட் இறக்குவதும் ஒரே செலவல்ல.

கேஸ்கட் ஏன் போகிறது என்பதிலும் நம் ஊர்ப் பழக்கங்களுக்குப் பங்கு இருக்கிறது. உள்மாவட்டங்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்புச்சுவை கொண்ட கடினநீர். கூலண்டுக்குப் பதில் அதையே ஆண்டுக்கணக்கில் ஊற்றினால், பாத்திரத்தில் படிவது போலவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் உப்புப் படிகிறது. சூடு தணியாமல் இன்ஜின் கொதிக்கிறது, அலுமினிய ஹெட் வளைகிறது, கேஸ்கட் விடுகிறது. கொதிப்பதைத் தடுக்கிறோம் என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது இன்னொரு பழக்கம். அதைக் கழற்றினால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வருவதில்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகிறது, கரி படிகிறது, மைலேஜ் விழுகிறது. ஒரு பழுதை மறைக்கப் போய் இன்னொரு நிறப் புகையை வரவழைத்துக்கொள்கிறோம்.

நீலப் புகையில்தான் நேரத்தின் முக்கியத்துவம் முழுமையாகப் புரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது; உடனே "ரிங் போச்சு, போரிங் பண்ணணும்" என்பார்கள். ஆயில் எரியறைக்குள் நுழையப் பல வழிகள் உண்டு, அவற்றில் இரண்டு முக்கியமானவை. மேலிருந்து வால்வு தண்டு வழியாக இறங்கலாம், கீழிருந்து பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஏறலாம். மேல்வழியைக் காப்பது சிறிய ரப்பர் சீல். சூட்டில் அது கல்லாக இறுகிவிட்டால், இரவெல்லாம் நிற்கும் வண்டியில் ஆயில் சொட்டுச்சொட்டாக இறங்கித் தேங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை வந்து, அரை நிமிடத்தில் அடங்கும். ரிங் தேய்ந்த வண்டியோ சுமை ஏறும்போது தொடர்ந்து புகையும். போளூரிலிருந்து ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குப் போகும் மலைப்பாதை இதைச் சோதிக்க நல்ல இடம். நான்கு பேருடன் மேலே ஏறும்போது விடாமல் நீலப்புகை வந்தால் ரிங் மீது சந்தேகம் கொள்ளலாம். இறங்கும்போது கியரிலேயே ஆக்ஸிலேட்டரை விட்டு வந்து, கீழே மறுபடி மிதித்த கணத்தில் குபீரென்று புகை கிளம்பினால் சந்தேகம் வால்வு சீல் மீது திரும்ப வேண்டும். கால் எடுத்த நேரத்தில் இன்ஜினுக்குள் உண்டாகும் உறிஞ்சுவிசை ஆயிலை மேலிருந்து இழுத்திருக்கும். சில இன்ஜின்களில் இந்தச் சீலை ஹெட்டை இறக்காமலே மாற்ற முடியும். இவ்விரண்டும் இல்லாமலும் நீலப்புகை வரலாம். ஆயிலை மேல்கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால் வரும். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் வரும். குழாயைச் சுத்தம் செய்ய எந்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை.

சந்தேகத்தை உறுதியாக்கவும் வழி உண்டு. பிளக்குகளைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜை ஒவ்வொரு சிலிண்டரிலும் வைத்து அழுத்தத்தைக் குறித்துக்கொள்வது முதல் படி. பெட்ரோல் கார்களில் அது பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டையும் அதற்கு மேலும் காட்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளப்பது இரண்டாம் படி. அழுத்தம் ஏறினால், ஊற்றிய ஆயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று பொருள், குற்றம் ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கட்டிலோ கசிவு. ஒரு மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம், எந்த அளவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

கறுப்புப் புகை பார்க்க மிக அச்சமூட்டுவது. ஆனால் மூன்றில் மிக எளிதாகத் தீரக்கூடியதும் பெரும்பாலும் அதுதான். காற்று போதவில்லை அல்லது எரிபொருள் மிஞ்சுகிறது என்பதே அதன் பொருள். ஆரணி பட்டுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் பெயர்பெற்ற ஊர். அரிசி ஆலைகளின் உமித்தூசும் சாம்பலும் பறக்கும் சாலைகளில் ஓடும் காரின் ஏர் ஃபில்டர், கையேட்டில் சொன்ன தூரத்துக்கு வெகு முன்பே அடைத்துவிடும். கறுப்புப் புகைக்கு முதலில் திறந்து பார்க்கவேண்டியது அந்த ஃபில்டர் பெட்டியைத்தான். அடுத்து, கார்புரேட்டர் வண்டியில் சோக் முழுதும் திறக்கிறதா, மிதவை ஊசி ஒழுகுகிறதா என்று பார்க்கலாம். மாருதி 800இல் 2000ஆம் ஆண்டை ஒட்டி கார்புரேட்டர் போய் இன்ஜெக்ஷன் வந்தது. அத்தகைய வண்டியில் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சார் பழுதானால், இன்ஜின் எப்போதும் குளிர்ந்திருக்கிறது என்று கணினி நம்பி பெட்ரோலை வாரி இறைக்கும். டீசலில் இன்ஜெக்டர் முனை தேய்ந்து, தூவலாகப் போகவேண்டிய டீசல் சொட்டாக விழும். இங்கேயும் நேரம் பேசுகிறது. மிதிக்கும்போது மட்டும் கறுப்பு என்றால் காற்றையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். ஐட்லிங்கிலும் கறுப்பு என்றால் எரிபொருள் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் வகைப்படுத்தியது. நெசவாளர் வீட்டில் தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவர் நாள் முழுதும் தெருக் காற்றையே சுவாசிக்கிறார். வாசலில் கறுப்புப் புகை விடும் காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட அங்கே இடமில்லை.

அடுத்து, வண்டி உதறுவது. பட்டறைப் பேச்சில் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்கள். நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை எரிய வேண்டும். மாருதி 800க்கு மொத்தமே மூன்று சிலிண்டர். ஒன்று தவறினாலும் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், ஸ்டியரிங் வரை அதிரும். எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்று கண்டுபிடிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போதே ஒரு நேரத்தில் ஒரு சிலிண்டரின் வேலையை மெக்கானிக் நிறுத்திப் பார்ப்பார். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் உதறல் கூடும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் மாற்றமே தெரியாது. பழைய இண்டிகா டீசலில் இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றே தளர்த்தி இதைச் செய்வார்கள். காமன் ரெயில் டீசலில் மட்டும் யாரும் அந்த வேலையில் இறங்கக் கூடாது. அந்தக் குழாயில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் ஏறக்கூடும், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். தவறும் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதுவும் பேசும். ஆயில் நனைந்திருந்தால் நீலப்புகையின் கதை. உலர்ந்த கரி என்றால் கறுப்பின் கதை. மற்றவற்றைவிடத் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். புகையே இல்லாமல் உதறுவதும் உண்டு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலந்திருக்கிறது. கார்புரேட்டர் வண்டிக்குக் கலவையைத் தானாகத் திருத்திக்கொள்ளும் வசதி கிடையாது. காற்று மிகுந்து, எரிபொருள் குறைந்து அது திணறும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் கெடுக்கும். விரிசல் விட்ட குழாய் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போனாலும் ஐட்லிங் தடுமாறும். இவை ஒன்றுக்கும் இன்ஜினை இறக்கும் வேலை இல்லை.

இங்கே சில மறுப்புகள் எழும். அனுபவசாலியான மெக்கானிக் காதாலேயே கண்டுபிடிப்பாரே, இத்தனை சோதனை எதற்கு என்பது முதலாவது. அந்தக் காதை நான் மதிக்கிறேன். இந்தியக் கார்களில் பழுதைத் தானே குறித்துவைக்கும் ஓ.பி.டி. அமைப்பு 2010 முதல்தான் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு மனிதரின் கண்ணும் காதும் மூக்கும்தான் கருவி. ஆனால் காது சந்தேகத்தைத்தான் தரும். தீர்ப்பை அளவு தர வேண்டும். புடவையில் குற்றம் விழுந்தால் தேர்ந்த நெசவாளர் தறியைப் பிரிப்பதில்லை. பாவு இழையா, ஊடை இழையா என்று முதலில் பார்க்கிறார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான் வெளியிலிருந்து உள்ளே போகிறார்.

புகைச் சான்றிதழ் வாங்கிவிட்டேன், வண்டி சரியாகத்தானே இருக்கிறது என்பது இரண்டாவது. பெட்ரோல் காரில் அந்தச் சோதனை சூடான இன்ஜினில், நின்றபடி நடக்கிறது. காலையில் அரை நிமிடம் வரும் நீலப்புகையும் மலை ஏறும்போது வரும் புகையும் அதில் சிக்குவதில்லை. ஆனால் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் அதுவே ஒரு பரிசோதனை அறிக்கை. பாரத் ஸ்டேஜ் 2, 3 என்ற மாசு விதிகளின்படி தயாரான பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 750 பங்கும் வரம்பு. அதற்கு முந்தைய கார்களுக்கு 3 சதவீதமும் 1,500 பங்கும். மோனாக்சைடு அதிகம் என்றால் பெட்ரோல் மிஞ்சுகிறது. அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. பிளக்கையும் வயரையும் பார்க்க வேண்டும். தேறியதா என்பதோடு மடித்து வைத்துவிடும் சீட்டில் இவ்வளவு செய்தி இருக்கிறது. போன முறைச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழுது வளர்கிறதா என்பதும் தெரியும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால், புகை நிறுத்தும் மருந்து கலந்தால் போதாதா என்பது மூன்றாவது. சில வாரம் புகை குறையும் என்பது உண்மை. தேய்ந்த ரிங் அதனால் வளராது. கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினின் மேற்பகுதிக்கு ஏறத் தாமதமாகி, தேய்மானம் கூடவும் செய்யும். விற்பதற்கு முந்தின வாரம் இதைச் செய்பவர்கள் உண்டு என்பதை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனை பழைய வண்டிக்கு ஏன் இந்தப் பாடு, கழித்துக்கட்டிவிடலாமே என்பது நான்காவது, மிக நியாயமானதும் அதுதான். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் கட்டணமும் ஏறியிருக்கிறது. கழிக்கவேண்டிய வண்டியைக் கழிக்கத்தான் வேண்டும். எல்லாச் சிலிண்டரிலும் அழுத்தம் விழுந்து, 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குடித்து, அடித்தட்டும் துருப்பிடித்திருந்தால், அதில் போடும் பணம் திரும்பாது. ஆனால் அந்த முடிவுக்கும் அளவுதான் ஆதாரம். அளக்காமல் தூக்கி எறிவதும் அளக்காமல் இன்ஜின் வேலை செய்வதும் ஒரே தவறுதான். வால்வு சீலோ ஏர் ஃபில்டரோ மட்டும் பழுதான காரை இன்ஜின் போனதாக நம்பி அடிமாட்டு விலைக்கு விற்பவர், அந்த உண்மை தெரிந்த வியாபாரிக்குத் தன் பணத்தைக் கொடுக்கிறார்.

ஆகவே பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதிகாலையில் போங்கள், வண்டியை முன்கூட்டி ஸ்டார்ட் செய்துவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பானட்டில் கைவைத்து, குளிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சைலன்சருக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முதல் அரை நிமிடம், சூடான பிறகு, மேடு ஏறும்போது, இறங்கி மறுபடி மிதிக்கும்போது என்று நான்கு நேரத்திலும் என்ன தெரிந்தது என்பதைத் தாளில் எழுதுங்கள். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்களும் பட்டறைக்குப் போவதற்குமுன் அதே தாளை எழுதிக்கொண்டு போங்கள். ஆயில், தண்ணீர் அளவு குறைந்த தேதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படிப்பார். படிக்காமலே இன்ஜினை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.